அனுப்பு பட்டன்

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு டோனட் வாங்கி வருவது நான்தான், மேடம். உங்கள் விசாரணையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், வேட் லிண்ட்ஹோம் ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை என்பார்கள்.

மினசோட்டாவில் எங்கள் கவுண்டி நிர்வாகத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இல்லாதப்பட்டவர்கள் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க இலவச ஹீட்டர் எண்ணெய் கேட்டு விண்ணப்பிப்பது அதில்தான். எல்லா பிரவுசரிலும் அந்தப் பக்கம் சமர்த்தாக நிற்கும். பழைய பிரவுசர் ஒன்றில் மட்டும் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சனியனுக்கென்றே பக்கத்தில் எது எப்படித் தெரியவேண்டும் என்று சொல்லும் தனி ஸ்டைல் ஷீட் எழுதி, ஏழு வருஷம் ஒட்டுப்போட்டேன். போதும் போதும் என்றாகிவிட்டது.

எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒரு பிரவுசரிலிருந்து வரும் விண்ணப்பங்கள் நூற்றுக்கு இரண்டுக்குக் கீழே போனால், அதைக் கைகழுவிவிடலாம். பழையதிலிருந்து ஒன்பது வந்துகொண்டிருந்தது. அக்டோபரில் அதன் ஷீட்டில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். 'அனுப்பு' பட்டனை அது மறைத்துவிடும். மற்ற பிரவுசர்களில் பட்டன் தெரியும், இதில் தெரியாது. எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. எனக்கு ஒரே குஷி.

நவம்பரில் ஆர்வில் ஹெக்ஸ்டாட் என்ற பெரியவர் போன் செய்தார். ஏரிக்கரையில் தனியாக இருப்பவர்.

"எல்லாத்தையும் நிரப்பிட்டேன் தம்பி. எங்க அமுக்குறதுன்னுதான் தெரியல."

புது பிரவுசர் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவருடைய கம்ப்யூட்டரில் அது ஏறாதாம். பேப்பரில் எழுதி அனுப்பட்டுமா என்றார். பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டோம் என்றேன். அது பொய்தான். பேப்பர் வந்தால் ஏன் வந்தது என்று கேள்வி வரும், பாருங்கள்.

"டேங்க்ல ரெண்டு வாரத்துக்குத்தான் எண்ணெய் இருக்கு. கொஞ்சம் பாத்துச் செய்யேன்."

பார்க்கிறேன் என்றேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன்.

டிசம்பரில் கணக்கு ஒன்றரைக்கு வந்தது. மேனேஜர் கொரீன் தோளைத் தட்டி, "கடைசில ஒழிச்சுட்டியே, கில்லாடிப்பா நீ" என்றாள். பழைய பிரவுசர் இனி வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டாள். எல்லோருமாகக் கேக் வெட்டினோம்.

ஜனவரியில் ஹெக்ஸ்டாட்டை நாற்காலியிலேயே கண்டார்கள், கோட்டும் கையுறையும் போட்டபடி. அவரோடு சேர்த்து நான்கு பேர் குளிரில் இறந்தார்கள் என்கிறீர்கள். வருத்தம்தான். மைனஸ் முப்பதுக்குப் போனால் யார்தான் என்ன செய்ய முடியும்?

என் பக்கத்தில் குறை இருந்திருந்தால் யாராவது புகார் அனுப்பியிருக்க மாட்டார்களா, மேடம்? அந்தக் குளிர்காலம் முழுக்க பழைய பிரவுசரிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை. புகார்ப் பக்கத்திலும் அந்த வரியைப் போட்டிருந்தேன்.