பலெர்மோவில வாய் திறந்த பிள்ளையள்

...விசரெண்டுதான் சொல்லுவன்! மொன்றியலில இருந்து பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு இத்தாலிக்குப் போறவளுக்கு முழு விசர்! பாரும் இந்த ஊத்தை உடுப்பை... ஐயோ தங்கச்சி, உந்தக் காயவைக்கிற மெசினுக்க போடாதேயும், அது உடுப்பைத் தின்னும். இஞ்சால போடும். மூண்டாம் மாடிக்குப் புதுசா வந்த பிள்ளைதானே நீர்? பாரிஜாதம்... நல்ல பேர். சென்னையோ? சரி, இரும், காய எப்பிடியும் நேரமெடுக்கும்.

எங்க விட்டனான்? ஓம், பலெர்மோ. என்ர மனுசன், இவற்ற அக்கா, எனக்கு மச்சாள், அங்கதான் இருக்கிறா. வாங்கோ வாங்கோ எண்டு ஒரே ஆக்கினை.

எங்கட பிரணவனும் ஆர்த்திகாவும் வீட்டில தமிழில வாய் திறவாதுகள். நான் தமிழில கேட்டா, மறுமொழி பிரெஞ்சில வரும். சரி, தமிழ் விளங்காதாக்கும் எண்டு நானும் இவரும் எல்லாத்தையும் அதுகளுக்கு முன்னாலதான் கதைக்கிறது. எல்லாத்தையும்... மச்சாளைப் பற்றியும்தான்.

அங்க போனா, மச்சாளின்ர மகன் பிருந்தனுக்கு இத்தாலியனும் தமிழும் மட்டும்தான். முதல்நாள் மூண்டும் முழிச்சு முழிச்சுப் பாத்துக்கொண்டு நிண்டுதுகள். பேந்து பந்தடிக்க, பந்து மதிலுக்கு அங்கால போயிட்டுது. "டேய், ஏறி எடடா!" எண்டு ஒரு சத்தம். ஆரெண்டு பாத்தா என்ர பிரணவன்! தமிழில! உண்மையாச் சொல்லுறன் தங்கச்சி, பெத்த வயிறு குளிர்ந்துபோச்சு.

அந்தக் குளிர் அடுத்தநாள் மத்தியானம் மட்டும்தான்!

மச்சாள் கத்தரிக்காய்க் கறி வைச்சவ. எல்லாரும் சாப்பாட்டில இருக்கிறம். ஆர்த்திகா, ஏழு வயசு, ஒரு வாய் வைச்சுப்போட்டு நல்ல தெளிவான தமிழில, "மாமி, உங்கட கறி தின்னேலாது, பாணும் ஜாமும் கொண்டுபோவமெண்டு அம்மா சொன்னவ. ஆனா நல்லாத்தான் இருக்கு!"

எனக்கு நிலம் பிளக்காதோ எண்டிருந்துது. இவர் முகட்டைப் பாக்கிறார். உடன அந்தப் பிருந்தன் என்ன சொன்னவன் தெரியுமே? "மொன்றியல் மாமிக்கு வாய் மூடாதாம், காதுக்குப் பஞ்சு வாங்கோணுமெண்டு எங்கட அம்மாவும் சொன்னவ!"

மச்சாள் டக்கெண்டு எழும்பிக் குசினிக்க போயிட்டா. அழுகிறா எண்டு நினைச்சு நானும் பின்னால ஓடினன். சிங்கைப் பிடிச்சுக்கொண்டு குலுங்கிறா... சிரிப்பு! "உண்மையாப் பாணும் ஜாமும் கொண்டந்தனீரோ?" எண்டு கேட்டா. ஓம், பெட்டிக்க கிடக்கு எண்டன். "எடுத்துக்கொண்டு வாரும். என்ர கறி எனக்கும் பிடிக்கிறேல்ல!"

அண்டைக்குத்தான் தங்கச்சி, கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்கும், அவவும் நானும் முதன்முதல் மனம்விட்டுக் கதைச்சனாங்கள். குசினிக்கயே நிண்டு ஜாம் போத்தலை முடிச்சம்.

ஆனா இப்ப என்ர பாட்டைக் கேளும்! பிள்ளையளுக்கு எல்லாம் விளங்குது, திருப்பித் தமிழிலயே வாய் காட்டுதுகள். நானும் இவரும் ஒரு ரகசியம் கதைக்கோணுமெண்டா குளியலறைக்க போய்த் தண்ணியைத் திறந்துவிட வேண்டிக்கிடக்கு! கோடைக்கு மச்சாளாக்கள் இஞ்ச வருகினம். இந்தச் சின்ன வீட்டுக்க எங்க படுக்கிறது? ஆர் வரச்சொன்னது எண்டு இவர் கத்துறார். வேற ஆர், நான்தான்! ஒரு மாசம் நிக்கோணுமெண்டு சத்தியமும் வாங்கிப்போட்டன்!

இனி, எல்லாரையும் ஏத்திச் சுத்திக்காட்ட, சாமானுக்குக் கூரைப்பெட்டி வைச்ச கார் ஒண்டு வாடைக்குத் தேடோணும்... தங்கச்சி? உடுப்பு இன்னும் காயேல்லயே, எங்க அள்ளிக்கொண்டு போறீர்? என்ன, படியாலயோ? லிப்ட் இருக்கெல்லே! நில்லும், நில்லும்... நானும் உம்மோட வாறன்!