கடலுக்குள் விரித்த வேட்டி

உசிலம்பட்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கல்யாண வீடியோ எடுக்கிற இரண்டு பேர். "கடலுக்கடியில வேட்டிய விரிச்சேண்ணே" என்றான் இளையவன்.

"எதுக்குடா?"

"ராமேஸ்வரத்துல பவளப்பாறைய எடுக்கக் கூப்பிட்டாக. கல்யாணத்துல மாதிரி தண்ணிக்கு மேலயே வெள்ளையக் காட்டி, இதான் வெள்ளைன்னு கேமராவுக்கு ஒயிட் பேலன்ஸ் வச்சுட்டு எறங்குனேன். கீழ எடுத்தது அம்புட்டும் நீலமா வந்துச்சு. தண்ணிக்குள்ள போயித்தான் வெள்ளையக் காட்டணுமாம். நாளைக்கும் இப்படின்னா வேற ஆளுன்னுட்டாக. மறுநா வேட்டியோட எறங்கிட்டேன்."

"சரியாச்சா?"

"செவப்பு மீனு செக்கச்செவேல்னு வந்துச்சு. வேட்டியில எம்பொண்டாட்டி சாஸ்தியாப் போட்ட சொட்டு நீலம்ணே. கடல் நீலத்தோட அதையும் சேத்துக் கேமரா கழிச்சிருச்சு. அந்தச் சொட்டு நீலத்துக்குத்தான் அவள தெனமும் வைவேன்."

"வீட்ல சொன்னியா?"

"சொன்னா இன்னும் நாலு சொட்டு சேத்து விடுவாண்ணே."