சபைக்கெல்லாம் அண்ணி

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, சபை மூப்பரும் என்னைப் பெற்றவருமாகிய அப்பா அவர்களே, பெண்கள் ஐக்கியத்தின் தலைவி டாக்டரம்மா அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் என் அண்ணனே, எந்த உறவும் இல்லாமல் என் அண்ணியை 'அண்ணி' என்று கூப்பிட்டுப் பழகிவிட்ட சபை மக்களே, அண்ணியின் இந்த நினைவுக் கூட்டத்தில் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. நாலு பேர் இருக்கும் அறையில் வாய் திறப்பதற்கே நான் யோசிப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் பேசியவர்கள் அண்ணியைப் பற்றி அழகாகப் பேசினீர்கள். பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் என்றீர்கள். ஞாயிறு பள்ளியின் தூண் என்றீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தவர் இல்லை, பலருக்குக் கண்ணாகவே இருந்தவர் என்றார் டாக்டரம்மா. எல்லாம் உண்மை. ஆனால் பேசிய ஒவ்வொருவரும் இறங்கும்போது ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இறங்கினீர்கள், கவனித்தீர்களா? "எங்க வீட்டு மேலதான் அண்ணிக்கு ரொம்பப் பிரியம்." அத்தனை பேரும் இதையே சொன்னால், எனக்கு மிச்சம் என்ன?

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர். முறைப்படி பார்த்தால் இந்த மண்டபத்தில் அவர் ஒரே ஒருத்திக்குத்தான் அண்ணி. அந்த ஒருத்தி நான்! போதகர் ஐயா, உங்கள் வயது என்ன, அவர் வயது என்ன? நீங்களும் 'அண்ணி' என்றுதானே கூப்பிட்டீர்கள்? மைக் செட்காரர் அண்ணி என்றார். அவருடைய அப்பாவும் அண்ணி என்றார்! நாத்தனாருக்குப் பொறாமை என்று சொன்னால் ஊர் சிரிக்கும். சிரியுங்கள். எனக்குப் பொறாமைதான். இதோ, உங்கள் முன் நின்று பேசும் இந்த நிமிடத்திலும்.

இந்த உரையின் முடிவில் சபைக் குழுவின் தீர்மானம் ஒன்றை நான் அறிவிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதைக் கடைசிவரை மூடி வைக்க எனக்குத் தெரியாது. இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆலயத்தில் இடப்பக்கம் இரண்டாவது பெஞ்சில், என் பக்கத்து இடத்தில், அண்ணியின் பெயர் பொறித்த ஒரு பித்தளைத் தகட்டைப் பதிக்க வேண்டும். அந்த இடத்தில் இனி யாரும் உட்காரக் கூடாது. மற்றக் குடும்பங்களும் விரும்பினால் தங்கள் பழைய குடும்பப் பெயர்த் தகடுகளைத் தங்கள் பெஞ்சுகளில் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம். இதுதான் தீர்மானம்.

எனக்கு அந்தத் தகடு வேண்டுமா? வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது. அதனால் முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொல்கிறேன்.

கல்யாணம் முடிந்த முதல் ஞாயிறு. அண்ணன் கப்பல் வேலைக்காரர். அந்த வாரமே கிளம்பிப் போய்விட்டார். புதுப்பெண்ணை ஆலயத்துக்குக் கூட்டிவந்து எங்கள் குடும்பப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். அன்றைக்கெல்லாம் நம் ஆலயத்தில் ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் ஒரு குடும்பத்தின் பெயர் தகடாக இருந்தது, புதிதாக வந்தவர்களுக்கு நினைவூட்டுகிறேன். தகடு இல்லாதவர்கள் பின்சுவரை ஒட்டி நிற்பார்கள். அதை நாங்கள் யாரும் தப்பு என்று நினைத்ததில்லை. நல்லது என்றும் நினைத்ததில்லை. நினைத்ததே இல்லை.

பாடல் தொடங்கியதும் அண்ணி என் காதருகே குனிந்தார்.

"அந்தப் பெஞ்சு முழுசா காலியா இருக்கே. அந்தம்மா ஏன் சுவத்துல சாஞ்சு நிக்கிறாங்க?"

"அது டாக்டர் வீட்டு பெஞ்சு அண்ணி."

"டாக்டர் வீட்டுல யாரும் வரலையே."

"வரலைன்னாலும் அது அவங்க பெஞ்சு."

"ஓ. அப்ப காத்து உட்கார்ந்திருக்கா?"

சொல்லிவிட்டு எழுந்தார். எழுந்து, நேராகப் பின்னால் போய், அந்த அம்மாவின் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டார். ஆராதனை முடியும் வரை நின்றார்! கழுத்து நிறைய நகையோடு புதுப்பெண் நிற்கிறாள்; மாமனார் வீட்டுக் கூட்டம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. அப்பாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அந்த அம்மா வேறு யாருமில்லை, இதோ நாலாவது வரிசையில் இருக்கும் நம் ஜெராக்ஸ் கடை அக்கா. அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். என் பொறாமை அன்றைக்கே உங்களிடமிருந்துதான் தொடங்கியது.

பிறகு ஆலயத்தின் தரை பெயர்ந்தது. புதுத் தரை போடுவதற்காகப் பெஞ்சுகளையெல்லாம் தச்சர் பட்டறைக்கு அனுப்பினோம். அவர் இழைத்து, வார்னிஷ் அடித்து, லாரியில் வந்த வரிசையிலேயே உள்ளே போட்டுவிட்டார். அப்பா தகடுகள் எங்கே என்று கேட்டார். தச்சர் ஒரு சாக்கைக் காட்டினார்.

"எல்லாத்தையும் கழட்டி இதுல போட்டிருக்கேன் ஐயா. எது எந்தப் பெஞ்சுன்னு நீங்க சொன்னா திருகிடுறேன்."

எது எந்தப் பெஞ்சு? வார்னிஷ் அடித்தபின் எல்லாம் ஒன்றுபோல் மின்னின! தாத்தா கொடுத்த மரம், பாரம்பரியப் பெஞ்சு என்று பேசிக்கொண்டிருந்த குடும்பங்கள் அன்று மண்டியிட்டதுபோல் அதற்கு முன்னும் பின்னும் மண்டியிட்டதில்லை. பெஞ்சுக்கடியில் தடவிப் பார்த்தார்கள். முகர்ந்துகூடப் பார்த்தார்கள். சின்ன வயதில் கத்தியால் போட்ட கீறல் ஒன்று அடியில் இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிப்பேன் என்று அப்பா சபதம் போட்டார். கண்டும் பிடித்தார். ஐந்து பெஞ்சுகளில்!

அண்ணிதான் அன்று தரை வேலையின் பொறுப்பாளர். சிரிக்காமல் சொன்னார்: "அவங்கவங்க பெஞ்ச நிச்சயமா கண்டுபிடிச்ச பிறகு தகடு அடிக்கலாம். அதுவரைக்கும் கிடைச்ச இடத்துல உட்காருவோம்."

"அதெப்படிம்மா? நம்ம இடம்னு ஒண்ணு வேணாமா?" என்றார் அப்பா.

"ஆண்டவர் வீட்டுல நமக்கு எதுக்கு மாமா பத்திரம்?"

"பத்திரம் இல்லம்மா. மரியாதை."

"மரியாதை நீங்க போற இடத்துக்கு உங்க கூடவே வரும் மாமா. ஒரு வாரம் பின்னாடி உட்கார்ந்து பாருங்க. ஃபேன் காத்து அங்கதான் நல்லா வருது."

அப்பா போனார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அடுத்த வாரமும் அங்கேயே போய் உட்கார்ந்தார். ஃபேனுக்காகத்தான் என்றார். அங்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவர். இருவரும் பிரசங்கத்தின் நடுவே பேசுகிறார்கள் என்று போதகரிடம் புகார் போனது வேறு கதை. அந்த 'அதுவரைக்கும்' இன்றுவரைக்கும் நீண்டுவிட்டது. பின்சுவர் காலியானது. இந்தச் சபை அப்படித்தான் மாறியது: கூட்டம் போட்டு இல்லை, சட்டம் போட்டு இல்லை, உட்கார்ந்து.

அந்த வாட்ச் ரிப்பேர் பெரியவர் அண்ணியின் கடைக்கு வந்து, பழைய கண்ணாடியே போதும், புதுசு போட்டால் எல்லாம் ஒரு மாதிரி தெரிகிறது என்று அடம்பிடிப்பார். அண்ணி சொல்வார்: "எல்லாம் எப்பவும் இருக்கிற மாதிரிதான் ஐயா இருக்கு. உங்க பவர்தான் மாறியிருக்கு." எங்களையும் அவர் அப்படித்தான் நடத்தினார் என்று நினைக்கிறேன். வைத்துப் பார், தெரிகிறதா, இல்லையா, சரி, இதை வைத்துப் பார். அவசரப்படுத்தியதே இல்லை.

அவருடைய விசுவாசமும் அப்படி. நான் நிறையப் படிக்கிறவள். ஜெபத்தைப் பற்றியே அலமாரி நிறையப் படித்திருக்கிறேன். அண்ணி ஜெபிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? "ஆண்டவரே, இவங்களுக்கு முட்டி வலிக்குது. படி ஏற முடியல. பார்த்துக்கோங்க. ஆமென்." அவ்வளவுதான்! மறுநாள் அந்த வீட்டுப் படிக்குக் கைப்பிடி வைக்கத் தச்சரோடு போய் நிற்பார். அதைப் பார்த்து நான் பொறாமைப்படாமல் என்ன செய்வேன்?

ஆனால் சபைக்கு இடம் கிடைத்த அன்று, நான் என் இடத்தை இழந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. அந்த முதல் ஞாயிறைத் தவிர, அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் அவர் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. பிரசங்கம் நீண்டால் என் உள்ளங்கையில் விரலால் கடிகார முள் வரைவார். கப்பலிலிருந்து அண்ணன் சொன்ன நகைச்சுவையைப் பாட்டுக்கு நடுவே சொல்வார். நான் இருமுவதுபோல் சிரிப்பேன். தகடுகள் போனபின் அவர் ஒவ்வொரு வாரமும் வேறொருவர் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தார்.

"என்னை விட்டுட்டுப் போறீங்களே அண்ணி."

"வீட்டுல எந்நேரமும் நீதானே இருக்க? உன் முகத்தையே பார்த்து எனக்குப் பவர் ஏறிடுச்சு."

"சும்மா சொல்லாதீங்க."

"நீயும் எழுந்து வா. கதைப் புத்தகத்துல வர்ற பொண்ணுக்காகக் கண்ணு கலங்குற. பின்னாடி ஒருத்தி நிஜமாவே கலங்கி உட்கார்ந்திருக்கா."

"நீங்க போங்க. நான் இங்கயே இருக்கேன்."

இருந்தேன். இரண்டாவது பெஞ்சிலேயே, அதே மூலையில், பக்கத்தில் இடம் விட்டு. திரும்பி வருவார் என்று. நான் அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா, உங்களிடம் குனிந்து என்ன சொன்னார், அப்படிச் சிரித்தீர்களே? மைக் செட்காரரே, உங்கள் தோளைத் தட்டினாரே, எதற்கு? எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நான் பொறாமைப்படாமல் என்ன செய்வேன்?

பிறகு நோய், மருத்துவமனை. அண்ணி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வராந்தாவில் நானும் ஜெராக்ஸ் கடை அக்காவும். அவர் பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"ஸ்கேன் எடுக்கச் சொன்னப்பவே நான் சொன்னேன்மா, வீட்டுல சொல்லிடுங்கன்னு."

"ஸ்கேனா? எப்ப?"

அவர் கை நின்றது. "ஐயோ. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். மழைக்கு முன்னாடியே எடுத்தாங்களே."

நோயைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டது மழையெல்லாம் ஓய்ந்த பிறகு. ஒரே வீட்டில், அடுத்த அறையில் இருந்த எனக்குத் தெரியாதது, கடைத்தெருவில் மெஷின் ஓட்டும் ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. தேநீரைக் கீழே வைத்தேன்.

"உங்ககிட்ட எதுக்குச் சொன்னாங்க?" என்றேன். கேட்டவிதம் நன்றாக இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அக்கா கோபப்படவில்லை. "பெருசா ஒண்ணும் இல்லம்மா. அன்னைக்கு நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். அவங்களுக்குச் சொல்லணும்னு தோணிருக்கு. அவ்வளவுதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்! அவ்வளவுதானாம்! சபையோரே, எத்தனையோ புத்தகங்கள் புரட்டியும் எனக்கு விளங்காத ஒன்றை அந்த வராந்தாவில் அக்கா சொல்லிவிட்டார். அண்ணி உங்களையெல்லாம் என்னைவிட அதிகமாக நேசித்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களிடம்தான் மனிதர்கள் மனதைத் திறக்கிறார்கள். அண்ணி கொடுக்க மட்டும் உங்கள் பெஞ்சுகளுக்கு வரவில்லை. அவருக்கும் ஆள் வேண்டியிருந்தது.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன்.

தகடு பதித்தால் அண்ணி என் பக்கத்தில் வந்துவிடுவார். இனி எழுந்து போக மாட்டார். டாக்டரம்மாவிடம் குனிய மாட்டார். எனக்கு மட்டும் அண்ணி! இதைவிட எனக்கு என்ன வேண்டும்? டாக்டர் வீட்டிலிருந்து, இல்லை, எங்கள் பெஞ்சில்தான் அதிகம் உட்கார்ந்தார், தகடு எங்களுக்குத்தான் என்று கேட்டதாகக் கேள்விப்பட்டபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ரத்தம் கொதித்தது. பொறாமை எனக்கு மட்டும் இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

ஆனால் யாரும் உட்காரக் கூடாத இடத்தில், யார் யாரிடம் எதைச் சொல்வார்கள்? நான் அந்தத் தகட்டைத் துடைத்துக்கொண்டே கிழவியாவேன். அதற்குள் மற்றத் தகடுகளும் சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் பின்சுவரில் சாய்ந்து நிற்பார். அவரோடு போய் நிற்க அண்ணி இருக்க மாட்டார்.

அப்பா, மன்னியுங்கள். இந்தத் தீர்மானத்தைச் சபையின் முடிவாக நான் அறிவிக்கப் போவதில்லை. "அவ நம்ம வீட்டுப் பொண்ணு, நம்ம பெஞ்சுல இருக்கட்டும்" என்று சொல்லும்போது உங்கள் குரல் உடைந்ததை நான் கேட்டேன். உங்கள் ஆசைதான் என் ஆசையும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

அண்ணி விட்டுச்சென்ற பணியைத் தொடர்வேன் என்று இந்த இடத்தில் நான் உறுதி கூற வேண்டும். கூறுகிறேன். அன்பினால் தொடர்வேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை; அது அவருக்கு இயல்பாக வந்தது. நான் பொறாமையினால் தொடர்வேன். உங்கள் ஒவ்வொருவரிடமும் நான் பார்க்காத அண்ணி ஒருவர் இருக்கிறார். நான் கேட்காத பேச்சு, நான் சிரிக்காத சிரிப்பு. அது எல்லாம் எனக்கு வேண்டும். ஒன்றுவிடாமல் வேண்டும்! அதற்காக ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து உட்காருவேன். நீங்கள் அண்ணியைப் பற்றிச் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின் உங்களைப் பற்றியும் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டுக்கொள்கிறேன். ஆண்டவர் இந்தப் பொறாமையையும் ஏதாவது வேலைக்கு எடுத்துக்கொள்ளட்டும்.

ஞாயிறு வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. போதகர் ஐயா, மேடையில் எனக்குப் போட்டிருக்கும் நாற்காலிக்கு நான் திரும்பப் போகவில்லை. ஜெராக்ஸ் கடை அக்கா, பக்கத்தில் வைத்திருக்கும் பையைக் கொஞ்சம் மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இறங்கி வருகிறேன்.