எங்க வேலியில ஓட்டையே கிடையாது

கரண்டு எடுத்துக்குங்க தம்பி, நான் வேணாம்னு சொல்லல. கொஞ்சம் பொறுத்து எடுத்துக்குங்கன்னுதான் சொல்றேன். பிளக்கு சமையக்கட்டுல இருக்கு. அங்க கதவெல்லாம் கிடையாது, வெறும் திரைதான், தள்ளிட்டு நீங்களே போய் மாட்டிக்கலாம். ஆனா இப்ப வேணாம். அவரு இன்னும் வரல.

எங்க வீட்டுக்காரருதான், வேற யாரு. இந்த விமான மைதானத்துக்கு உள்ளதான் வேலை. வேலியில இருக்கிற இந்த ஓட்ட வழியாத்தான் போவாரு, இந்த ஓட்ட வழியாத்தான் வருவாரு. நீங்க பாட்டுக்குத் தகட வெச்சு ஒட்டிட்டுப் போயிட்டீங்கன்னா மனுஷன் எப்படி வீடு வந்து சேருவாரு, நீங்களே சொல்லுங்க. மெயின் கேட்டு வழியா வரணும்னா மைதானத்தையே ஒரு சுத்து சுத்தணும். அதுக்குள்ள சாப்பாடு ஆறிப்போயிடும்.

அந்த வெல்டிங் மிஷின நிழல்ல வெச்சுட்டு இப்படி வந்து உக்காருங்க. இந்தாங்க தண்ணி. பானைத் தண்ணிதான், நல்லா இருக்கும்.

என்ன சிரிக்கிறேன்னு பாக்குறீங்களா. ஒண்ணுமில்ல, உள்ள நிக்கிற விமானம் ஒவ்வொண்ணும் இந்த ஊரையே வாங்குற விலை இருக்கும். அதுக்குக் காவலா வேலி அடைக்க வந்த ஆளு என் சமையக்கட்டுல கரண்டு கேட்டு நிக்கிறாரு. ஜெனரேட்டர் தர்றேன்னு சொல்லித்தான் அனுப்பினாங்களா. சொல்லுவாங்க. அவங்க சொல்றதுக்கு என்ன.

முன் பக்கம் பாத்திருப்பீங்களே. வண்டிக்கு அடியில கண்ணாடிய விட்டுப் பாக்குறதும், டிபன் டப்பாவத் தொறந்து மோந்து பாக்குறதும், பெத்த தாய் பேரக் கேக்குறதும். அங்க நின்னா நமக்கே நம்ம மேல சந்தேகம் வந்துடும். பின் பக்கம் இதுதான். இந்த ஓட்ட வழியா ஆடு போகும், ஆட்டத் தேடிக்கிட்டு ஆட்டுக்காரி போவா. பிள்ளைங்க பந்து போகும். அந்தா தெரியுது பாருங்க கோபுரம், அதுல நிக்கிற காவக்காரரே எறங்கி வந்து எங்க வீட்டுல போனுக்குச் சார்ஜ் போட்டுட்டுப் போவாரு. யாராச்சும் ஜீப்புல வந்தா ஒரு குரல் குடுங்கக்கான்னு எங்கிட்டச் சொல்லிட்டுத் தூங்குவாரு. அவருக்குக் காவல் நானு.

இப்ப உங்கள அனுப்பி அடைக்கச் சொல்றதுக்கும் காரணம் திருடனோ எதிரியோ இல்ல தம்பி. மோப்ப நாய். கேட்டுல வெச்சிருக்காங்களே, கன்னங்கரேல்னு வழுவழுன்னு, அது தெனமும் மத்தியானம் டியூட்டி முடிஞ்சதும் இப்படிப் பூந்து வந்து என் வாசல்ல மீந்த சோத்தத் தின்னுட்டுக் கால நீட்டிப் படுத்துக்கும். போன வாரம் பெரிய அதிகாரி ஒருத்தரு புதுசா வந்தவரு, இந்தத் தெரு வழியா வண்டியில போகும்போது பாத்துட்டாரு. கழுத்துல அரசாங்க முத்திரையோட நாய், என் முறத்துப் பக்கத்துல குறட்ட விட்டுக்கிட்டுக் கிடக்குது. அப்புறம் என்ன, வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சிருக்காரு.

வருவாரு, வருவாரு. என்ன அவசரம் உங்களுக்கு. வெயில் சாயட்டும். ஆட்காட்டி கத்தும், அப்ப வருவாரு.

பறவைங்க. காலு நீளமா, புல்லுக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கும். ஆளு நடமாட்டம் இருந்தாத்தான் கத்தும், சும்மா கத்தாது. அவருக்கும் அதுக்கும் பெரிய பகை. அவரு வேலையே அதுதானே. விமானம் கெளம்புறதுக்கு முன்னாடி, எறங்குறதுக்கு முன்னாடி, ஓடுபாதையில இருக்கிற பறவைய எல்லாம் விரட்டணும். ஒரு தகர டப்பாவத் தட்டிக்கிட்டு ஓடுவாரு. அதுக்கும் அசையலன்னா வேட்டு போடுவாரு. இந்தத் தெருவுல அவருக்கு டப்பாக்காரருன்னுதான் பேரு. வேட்டுச் சத்தத்துல ஒரு காது போயிடுச்சு. வீட்டுல எதச் சொன்னாலும் ஊருக்கே கேக்குற மாதிரிதான் சொல்லுவாரு. உப்பு கம்மின்னு எங்கிட்டச் சொன்னா எதுத்த வீட்டுக்காரி உப்ப எடுத்துக்கிட்டு வந்து நிப்பா. மானம் போயிடும்.

நான் மெதுவாப் பேசுறேன்னு சொல்றீங்களா. அவரு சத்தத்துல என் சத்தம் அடங்கிப்போச்சு போல.

அதோ, வேலித் தூணுக்குக் கீழ கல்லு மேல ஒரு ஜோடி செருப்பு இருக்கு பாருங்க. அது அவருடையது. மிதிச்சிடாதீங்க. உள்ள போட்டுக்க அவங்க குடுத்த பூட்ஸ், அத வேலிக்கு அந்தப் பக்கம் புல்லுக்குள்ள ஒளிச்சு வெச்சிருப்பாரு. காலையில செருப்ப இந்தப் பக்கம் கழட்டிட்டு, குனிஞ்சு, வலைய முதுகால தூக்கிக்கிட்டுப் போவாரு. அப்ப வேலி நெடுக ஒரு நடுக்கம் ஓடும் தம்பி. அந்தக் கோடி வரைக்கும் போயி அடங்கும். அந்த நடுக்கத்த வெச்சே சொல்லிடுவேன், இது ஆடு, இது நாய், இது அவருன்னு. காத்துக்கும் நடுங்கும். அது வேற மாதிரி.

ஆமா, கேட்டுல எப்படிக் கணக்கு வெச்சுக்குவாங்கன்னுதானே கேக்குறீங்க. நல்லாக் கேட்டீங்க. ஆளுக்கு ஒரு பித்தள வில்லை குடுத்திருந்தாங்க. கேட்டுல ரெண்டு பலகை. உள்ள போனா வில்லைய உள் பலகை ஆணியில மாட்டணும், வெளிய வந்தா வெளிப் பலகைக்கு மாத்தணும். எந்தப் பலகையில தொங்குதோ அங்கதான் ஆளு. மூச்சு விடுறானா இல்லையான்னெல்லாம் பாக்க மாட்டாங்க. இந்தத் தெருவுல உள்ள வேலைக்குப் போனவங்க யாருமே கேட்டுக்குப் போறதில்ல. பக்கத்துலயே வாசல் இருக்கும்போது எதுக்குச் சுத்தணும். எல்லாரும் வில்லைய சமையல்கார அண்ணங்கிட்டக் குடுத்துடுவாங்க. அவரு மெஸ்ஸுக்குச் சாமான் ஏத்திக்கிட்டு கேட்டு வழியாத்தான் போயாகணும். போகும்போது எல்லாருடையதையும் உள்ள மாட்டுவாரு, வரும்போது எல்லாத்தையும் வெளிய மாத்துவாரு. புல்லு வெட்டுறவரு, பெருக்குறவங்க, எங்க வீட்டுக்காரரு, எல்லாம் அவரு விரல்லதான் உள்ள போயி வெளிய வந்தாங்க. ஒரு நாளும் தப்பு வந்ததில்ல.

ஒரு நாள் சாயங்காலம், இதே மாதிரி வெயில் சாயுற நேரம், ஒரு விமானம் எறங்கும்போது சறுக்கிப் புல்லுக்குள்ள போயிடுச்சு. அந்தக் கடைசியில. இங்க இருந்து பாத்தா முதல்ல சத்தமே இல்ல, புகைதான் தெரிஞ்சுது. அப்புறம் வீட்டுல பாத்திரமெல்லாம் ஆடுச்சு. சங்கு ஊதிட்டாங்க. வேலைக்காரங்க எல்லாரும் வெளிய போங்கன்னு விரட்டுறாங்க. தெருக்காரங்க பூராவும் இந்த ஓட்ட வழியா விழுந்தடிச்சு ஓடியாந்தாங்க. நான் இங்கதான் நின்னேன், பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு. ஒவ்வொருத்தரும் வலையத் தூக்கும்போது வேலி நடுங்குது. எல்லா நடுக்கமும் வந்துச்சு தம்பி. ஒண்ணு வரல.

அந்தப் பக்கம் கேட்டுல சமையல்கார அண்ணன், வில்லைங்கள எல்லாம் வெளிப் பலகைக்கு மாத்திட்டு ஓடியிருக்காரு. அவரு மேல என்ன தப்பு. தெனமும் செய்யுறதுதானே. நம்ம ஆளுங்க ஓட்ட வழியா எப்பவோ போயிருப்பாங்கன்னு நெனச்சாரு. அப்புறம் தலை எண்ணுனாங்க. பலகையப் பாத்தாங்க. உள் பலகை காலி. உள்ள யாரும் இல்ல, எல்லாரும் பத்திரம்னு எழுதிட்டாங்க. அந்த இடத்துல மண்ண லாரி லாரியாக் கொட்டி நெரவி, உருளைய ஓட்டிட்டாங்க. அந்தா, புல்லு மட்டும் கொஞ்சம் கரும்பச்சையா இருக்கு பாருங்க. அங்க.

கேக்காம இருப்பேனா. கேட்டுக்குப் போனேன். வில்லைய எடுத்து என் கையிலேயே குடுத்தாங்க. இந்தாம்மா, உன் புருஷன் வெளிய போயாச்சு, வெளிய போனவர வெளிய தேடுன்னாங்க. அவரு கேட்டு வழியா வர்ற ஆளே இல்லைங்க, வேலியில இருக்கிற ஓட்ட வழியாத்தான் வருவாரு, நான் அங்கயே நின்னேன், அவரு வரலைன்னு சொன்னேன். மேசைக்குப் பின்னாடி இருந்தவரு எழுதுறத நிறுத்திட்டு என்னை நிமிந்து பாத்தாரு. எங்க வேலியில ஓட்டையே கிடையாதும்மான்னாரு. அவ்வளவுதான். இல்லாத ஓட்ட வழியா ஒருத்தரு எப்படி வராம இருக்க முடியும்.

தெருவுல ஒருத்தரும் சாட்சிக்கு வரல. வந்தா அத்தன பேருக்கும் வேலை போயிடும். நானும் யாரையும் வற்புறுத்தல. சமையல்கார அண்ணன் மட்டும் சாகுற வரைக்கும் சாயங்காலம் ஒரு தடவ இந்தத் தூணுகிட்ட வந்து நின்னுட்டுப் போவாரு.

தப்பாப் பேசுனவங்களும் இருந்தாங்க. பறவை மோதித்தான் விழுந்துச்சாம், விரட்ட வேண்டியவரு விரட்டல, பயந்துக்கிட்டு ஓடிட்டாருன்னாங்க. எங்க நாத்தனாரு, அவரு கூடப் பொறந்தவ, அவளே சொன்னா, எவ கூடவோ போயிருப்பான் அண்ணி, நீங்க மனசத் தேத்திக்குங்கன்னு. நான் அவளக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து இந்தச் செருப்பக் காட்டுனேன். ஓடிப்போற மனுஷன், அதுவும் ஒருத்தி பின்னாடி போற மனுஷன், நல்ல செருப்ப விட்டுட்டு அந்த அழுக்கு பூட்ஸோடயா போவான்னு கேட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம்தான் அழுதா.

ஆமா தம்பி. அன்னிக்குப் போனவருதான். இன்னும் வரல. அப்ப இடுப்புல இருந்த பொண்ணுக்கு இப்ப பிள்ளை தவழுது.

நிக்காதீங்க, உக்காருங்க. என்னைப் பாத்தா பயமா இருக்கா. எனக்குப் பைத்தியமெல்லாம் இல்ல. மண்ணுக்குக் கீழ என்ன இருக்கும்னு எனக்கும் தெரியும். நல்லாவே தெரியும். ஆனா வெயில் சாய்ஞ்சதும் ஆட்காட்டி கத்தும் பாருங்க. முதல்ல அந்தக் கரும்பச்சைக்கு மேல. அப்புறம் கொஞ்சம் இந்தப் பக்கம். அப்புறம் இன்னும் கொஞ்சம். யாரோ நடந்து வர்ற மாதிரி அதுவும் மேலயே கத்திக்கிட்டு வரும். நான் போயி வலைய ஒரு கையால தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். இந்தா இங்க வந்ததும் கத்தல் நின்னுடும். அவ்வளவுதான். நான் உள்ள வந்து வெளக்கப் போட்டுடுவேன்.

அதனாலதான் இத அடைக்க விடுறதில்ல. மேல சொன்னா அவங்க தலை உருளும்னு காவக்காரங்களே சத்தமில்லாம கம்பி கட்டிப் பாத்தாங்க, முள்ளு வெச்சுப் பாத்தாங்க. ஒவ்வொரு தடவையும் வெட்டிட்டேன். நான்தான் தம்பி. போன வாரம் அந்தப் பெரிய அதிகாரி வெட்டுன முனைய விரலால தடவிப் பாத்தாரு. இது பயிற்சி எடுத்த கைன்னாரு. நான் சிரிப்ப அடக்க முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டேன். பயிற்சிதான், இல்லைன்னு சொல்ல முடியுமா. கட்டரு அடுப்புக்குப் பின்னாடி கிடக்குது. போயி சொல்றதுன்னா சொல்லிக்குங்க. ஓட்டை இருக்குன்னு அவங்க வாயால சொல்ல வைக்க இத்தன வருஷமாச்சு, அத அடைக்கத்தான் உங்களையும் அனுப்பியிருக்காங்க. நீங்க தகட ஒட்டிட்டா மறுபடியும் ஓட்டையே இல்லாம போயிடும். அவரு போன வழியே இல்லாம போயிடும்.

உங்க பொழப்பக் கெடுக்க மாட்டேன். அடைக்கிற தகட அடைங்க. ஆனா ஒட்டிடாதீங்க, கதவா வைங்க. ரெண்டு கீலும் ஒரு தாழ்ப்பாளும் நானே எடுத்து வெச்சிருக்கேன், சமையக்கட்டுக் கதவுல இருந்து கழட்டினது. எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். தாழ்ப்பாள அந்தப் பக்கம் வைங்க, உள் பக்கம். வெளிய இருந்து ஒருத்தனும் தொறக்க முடியாது, நானும்தான். அந்த நாய் வேணா பட்டினி கிடக்கும். உங்க அதிகாரி வந்து ஆட்டிப் பாத்தாலும் அசையாது. உள்ள இருந்து வர்றவங்களுக்கு மட்டும் தொறந்தாப் போதும்.

வைக்கிறீங்களா. சரி, இருங்க, சுவிட்சப் போடுறேன்.

தம்பி, ஒண்ணு. தாழ்ப்பாள உசரத்துல வெச்சிடாதீங்க. தரையோட தரையா, கை எட்டுற மாதிரி வைங்க. நிமிந்து நடந்து வர்ற நெலமையிலதான் இருப்பாருன்னு என்ன நிச்சயம்.