‘வந்துட்டேன்’ என்னும் இறந்தகாலம்

அவைக்குத் தலைமை தாங்குவதோடு என் தாமதத்தையும் தாங்கிக்கொண்ட சாம்பசிவம் ஐயா அவர்களே! வெயில் தாழக் காத்திருந்த வண்டியூர்ப் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அறிவைப் பற்றவைக்க வந்திருக்கும் அன்னையரே! அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கோரிக்கையோடு நிற்கிறேன். எங்கள் கல்லூரியில் இயற்பியல் வகுப்பு நடக்கப் பத்துப் பெண்கள் வேண்டும். சேர்ந்தவர்கள் ஒன்பது. நாளை மாலைக்குள் பத்தாமவள் வராவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள்.

இன்று நான்கு மணிக்கு ஐயா போனில் கேட்டார்: “எங்கம்மா இருக்கீங்க?” நான் சொன்னேன்: “இந்தா, வந்துட்டேங்கய்யா!” எங்கே இருந்தேன்? சமயநல்லூரில், நகர மறுத்த பேருந்தில்! ஐயா அதை நம்பி, “பேச்சாளர் வந்துட்டாங்க” என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டார். என்ன தம்பி? “அம்புட்டுப் பேரும் வாசலையே பாத்தோம்க்கா”வா? பார்த்திருப்பீர்கள்! அந்த அறிவிப்பு என் போனிலும் கேட்டது. இறங்கினேன், ஆட்டோ பிடித்தேன், ஓடி வந்தேன். வருமுன் சொன்ன இறந்தகாலம்தான் என்னை வரவழைத்தது!

இது வாக்கின் வலிமை, இயற்கையின் விதியல்ல. ஆனால் ஒளி இருக்கிறதே, அது நம்மையும் மிஞ்சுகிறது! ஓர் ஒளித்துகளுக்கு முன் இரண்டு பாதைகள். எதில் வந்தாய் என்று முடிவில் சோதித்தால், ஒன்றில் மட்டும் வந்ததாகக் காட்டுகிறது. சோதிக்காமல் இரண்டு பாதைகளையும் இணைத்தால், இரண்டிலும் வந்ததுபோல் நடந்துகொள்கிறது. அது பாதி வழி வந்த பிறகு நாம் முடிவெடுத்தாலும் அப்படியே!

அப்படியானால், பின்னால் எடுத்த முடிவு முன்னால் நடந்ததைத் தொட்டதா? தொட்டது என்பார் சிலர். கேட்கும்வரை பாதை என்ற ஒன்றே இல்லை என்பார் சிலர். இரண்டும் நடந்தன, உலகமே கிளைத்தது என்பார் வேறு சிலர். சோதனை ஒன்று, விளக்கம் மூன்று! காரணம் முந்தியா, காரியம் முந்தியா? இன்னும் தீராத வழக்கு அது!

மூன்றாம் வரிசையில் அன்னக்கொடி இருக்கிறாள். பிளஸ் டூ முடித்தவள். இயற்பியல்தான் வேண்டும் என்கிறாள். அவள் அம்மா வாசலில் என்னைக் கேட்டார்: “வெளிச்சம் எந்தப் பக்கம் போனா எங்களுக்கென்ன டீச்சர்? இவ எந்தப் பக்கம் போவா?”

மேடையில் சொல்கிறேன் என்று உள்ளே ஓடி வந்தேன். படித்தால் வேலை உறுதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா, எந்தப் பக்கம் என்று கேட்டீர்களே, அதுவல்லவா இயற்பியலின் கேள்வி! கேள்வி உங்கள் வீட்டில் பிறந்திருக்க, அதைக் கேட்கும் வகுப்பு சாகலாமா?

என்னம்மா, எழுந்துவிட்டீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். “எம் மக வந்துட்டா டீச்சர், எழுதிக்கங்க!”

கேட்டீர்களா! கையெழுத்து நாளைக்கு; வகுப்பு பிழைத்ததோ இன்றைக்கு! நாளையைக் கொண்டு இன்றைக் காத்த அந்தத் தாய்க்கும், பொறுமை காத்த உங்களுக்கும் நன்றி. நான் விடைபெறவில்லை அன்னக்கொடி. நாளைக் காலை கல்லூரி வாசலுக்கு, இந்தா, வந்துட்டேன்! வணக்கம்.