தென்காசி வழியாகப் போனால் என்ன?

கோவில்பட்டி ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நாகலாபுரத்து விவசாயி ஒருவரும் அவர் மனைவியும் நின்றார்கள். கடம்பூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. அப்போது மளிகைக்கடை பாய் ஒருவர் மனுவோடு வந்து அவர்களிடம் கையெழுத்துக் கேட்டார்.

"எதுக்கு பாய்?"

"நம்ம மெட்ராஸ் வண்டிய தென்காசி வழியா திருப்பப் போறாங்களாம், அண்ணாச்சி. இங்கன பாக்க ஒண்ணுமில்லையாம், வெறும் கரிசக்காடாம். அங்கன மலை, அருவி, தோப்பு! வண்டியில சாப்பாட்டுக்குன்னே தனிப் பெட்டி வேற சேக்காங்களாம். திருப்பக் கூடாதுன்னு ரயில்வேக்கு மனு, இன்னைக்கே தபால்ல போவணும்."

விவசாயி உடனே கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி பேனாவை வாங்கவில்லை. அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லதுதான? ஜன்னல்ல உக்காந்து மலையப் பாத்துட்டே போலாம்லா!"

"ஏட்டி, வண்டி இங்கன வராதுட்டி! எங்கன போயி ஏறுவ?"

"சங்கரன்கோயில்ல ஏறுவேன். கல்யாணமாகி இருவது வருசமா பருத்திக்காட்டத்தான பாக்கேன். குத்தாலம் கூட்டிட்டுப் போறேன்னு எத்தன சீசன் சொல்லிட்டீக?"

"அடுத்த சீசனுக்குக் கண்டிப்பாப் போவோம்."

"அப்போ கையெழுத்தும் அடுத்த சீசனுக்குத்தான்."

வரிசையே சிரித்தது. பாய் மட்டும், "அண்ணாச்சி, தபாலுக்கு நேரமாச்சு," என்று தவித்தார்.

விவசாயி கவுண்டர் பக்கம் திரும்பினார். "கடம்பூர் வேண்டாம் சார். தென்காசிக்கு ரெண்டு குடுங்க."

டிக்கெட் கைக்கு வந்ததும் அவள் மனுவைச் சுவரில் வைத்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினாள்.

"வண்டி இங்கனயே வரட்டும், பாய். மலைக்கு நாங்க போயிக்கிடுதோம்!"