காயாத வார்னிஷ்

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் ஏரிக்கரையை ஒட்டி ஒரு ரோடு போகிறதே... இரண்டு பக்கமும் மூடிப்போன கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர். கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. அந்த ரோட்டில் ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரே ஒரு பழைய மேசை. முன்னால் டிரைவர், பக்கத்தில் சந்திரமோகன்.

ஃபயாஸ், முதலில் அந்த செல்போன் லைட்டை அணை. ரோட்டில் தண்ணீர் வடிகிறவரை நம் கம்பெனி பஸ்ஸை டிரைவர் எடுக்கமாட்டார். மழையில் இப்படியே கிடக்க வேண்டியதுதான். பேய்க் கதை வேண்டும் என்று நச்சரித்தது நீங்கள். நடுவில் எவனாவது 'ஊ' என்று கத்தினால் அதோடு நிறுத்திவிடுவேன், ஆமாம்.

சந்திரமோகன் யார் என்றால்... நம் பேக்கிங் செக்‌ஷன் நந்தினி இன்றைக்கு லீவு இல்லையா, அவளுடைய அக்கா ஈஸ்வரியின் புருஷன். கவரப்பேட்டையில் வாடகை வீடு. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகுட்டி இல்லை, வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். நல்லவன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஆனால் ஒரு வேலையை எடுத்தால் முடிக்கமாட்டான். பாத்ரூம் கதவுக்குப் பாதி பெயிண்ட் அடித்து விட்டுவைத்திருந்தான். சமையலறையில் ஷெல்ஃபுக்கு என்று ஆணி அடித்தான், பலகை வரவே இல்லை. ஈஸ்வரி அந்த ஆணியில் கரண்டியை மாட்டிக்கொண்டாள். கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வந்தது, கூட இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

அவள் குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போன தடவை கொஞ்சத்தில் தவறிப்போயிற்று. தரையில் சம்மணம் போட்டுக் குனிந்து குனிந்து எழுதி முதுகே போய்விட்டது. ஒரு மேசை கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "நானே ஒண்ணு ரெடி பண்ணித் தர்றேன்" என்பான், அதோடு சரி. ஒரு நாள் அவள் துணிமணியைப் பையில் அடைத்துக்கொண்டு ஆர்.கே.பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"டேபிள முடிச்சிட்டு போன் பண்ணு. விஜயதசமி அன்னிக்கி அதுமேல புஸ்தகத்த வெச்சி நான் படிக்கணும். இல்லன்னா அங்கயே படிச்சிக்கினு அங்கயே இருந்துக்குறேன். உன் பாதி ஊட்ல நீயே குந்திக்கினு இரு."

அது வெறும் மிரட்டல் இல்லை. ஆர்.கே.பேட்டையில் அவளுக்கு வேலைக்குக்கூடச் சொல்லிவைத்துவிட்டார்கள். அக்கா இனிமேல் கவரப்பேட்டைக்குப் போகமாட்டாள் என்றே நந்தினி நினைத்திருந்தாள். சந்திரமோகனுக்கும் அது புரிந்துவிட்டது. நேராக அமானுல்லா பாயின் காயலான் கடைக்கு ஓடினான்.

பாய் ஒரு மேசையைக் காட்டினார். மேலெல்லாம் தடிப்பான பழுப்புப் பெயிண்ட். "எதோ கம்பெனிய மூடிட்டாங்க, அங்கேர்ந்து வந்துச்சு. உள்ள தேக்கு, நைனா. பெயிண்ட சொரண்டிப் போட்டு வார்னிஷ் அடி, பளபளன்னு ஆயிரும்."

"இதுக்கு சேரு இல்லியா பாய்?"

"சேரு வரல. டேபிள் மட்டுந்தான் வந்துச்சு."

அப்படி ஏற்றிக்கொண்டு வந்த மேசைதான் அது. அந்த ஏரிக்கரை ரோட்டில் வரும்போது டிரைவர் இரண்டு தடவை வண்டியை நிறுத்திப் பின்னால் போய்ப் பார்த்தான். "அண்ணே, யாராச்சும் தொத்திக்கினாங்களா? வண்டி இழுக்கவே மாட்டேன்து." யாரும் இல்லை. மேசையும் கயிறும்தான்.

மறுநாள் ஆரம்பித்தது பாருங்கள் பேஜாரு.

செல்போனில் ஒரு வீடியோ. அதில் ஒருத்தன் பாட்டுப் போட்டுக்கொண்டு சிரித்தபடியே மேசையைப் புதுசாக்கிவிடுகிறான். இவன் உப்புத்தாளை வைத்துத் தேய்த்தால் பெயிண்ட் தாளில் அப்பிக்கொண்டு வழுக்குகிறது. மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகத் தேய்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, குறுக்கே தேய்த்துவிட்டான். மேசை முழுக்கக் கீறல். தின்னரை ஊற்றினான், பெயிண்ட் அல்வா மாதிரி சுருண்டு கையில் ஒட்டியது. விரல் இடுக்கெல்லாம் எரிச்சல். தூசி மூக்கில், காதில், சோற்றில். கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, உட்காராமல் இதையே போட்டு மல்லுக்கட்டினான். உப்புத்தாளைத் தூக்கி எறிவான். "நீயும் வேணாம், ஒரு எழவும் வேணாம்" என்பான். அப்புறம் ஈஸ்வரி ஞாபகம் வரும். தாளைத் தேடி எடுத்துத் திரும்பவும் தேய்ப்பான்.

ஒருவழியாக மரம் தெரிந்தது. காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் வார்னிஷ் அடித்தான். சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனை ஓடவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனான். மடையன்... ஃபேன் போட்டால் அறையிலிருக்கிற தூசியெல்லாம் வார்னிஷில்தானே வந்து விழும்? சாயங்காலம் வந்து பார்த்தால் மேசை முழுக்கச் சொரசொர.

அதுகூடப் பரவாயில்லை.

மேசையின் முன்விளிம்பை ஒட்டி இரண்டு தடம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை... யாரோ இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்து எழுதின மாதிரி. குனிந்து பார்த்தான். சட்டைக்கையின் மடிப்புகூட வார்னிஷில் அப்படியே பதிந்திருந்தது.

பூட்டின வீடு. சாவி அவன் பாக்கெட்டில்.

பயந்தான் என்று நினைக்கிறீர்களா? கோபம்தான் வந்தது. அத்தனை பாடும் வீணாயிற்றே! இன்னொரு சாவி வீட்டுக்கார அம்மா குணசுந்தரியிடம் இருந்தது. நேராக அங்கே போய்ச் சண்டை பிடித்தான்.

"இன்னா நைனா பேசுற? உன் டேபிள் மேல கைய ஊணிக்கினு நான் இன்னா பரீட்ச எழுதப் போறனா?" என்று அந்த அம்மா ஒரு பிடி பிடித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு சொல்றேன்... பகல்ல உன் ஊட்ல சேரு இழுக்குற சத்தம் கேக்குது. இரும்புக் காலு தரையில கிறீச்சுன்னு. சேரும் வாங்கிட்டியா?"

அவன் வாங்கவில்லை. அந்த வீட்டில் நாற்காலி என்று ஒன்று இல்லவே இல்லை.

மறுபடி தேய்த்தான். மறுபடி அடித்தான். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு வெளியே இன்னொரு பூட்டும் போட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் கதவைத் திறந்தால் வார்னிஷ் வாசனை இல்லை. மிஷினில் ஊற்றும் ஆயில் வாசனை... அதோடு நாள் பூராவும் போட்டிருந்த சட்டையின் வியர்வை வாடை. மேசையில் அதே இடத்தில் இரண்டு கை. எத்தனை தடவை அடித்தானோ, அத்தனை தடவையும் அதே தடம்.

வேறொருத்தனாக இருந்தால் மேசையைத் தெருவில் போட்டுவிட்டு ஓடியிருப்பான். இவன் ஈஸ்வரிக்குப் போன் பண்ணினான். "கொஞ்சம் லேட்டாவும்..." என்று இழுத்தான்.

"தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தை அவனைத் தூங்கவிடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் பூசணிக்காய் உடைத்து, பொரிப் பொட்டலம் கொடுத்து மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விஜயதசமி. பொரியை மூலையில் வீசிவிட்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். குணசுந்தரி அம்மா சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள்.

"இன்னிக்கி கருவியத் தொடக்கூடாது, தெரியாதா உனக்கு? பழசா இருந்தா இன்னா, இதுவும் யாருக்கோ சோறு போட்ட சாமான். பொட்டு வெச்சிட்டு ஒரு நாளு சொம்மா உடு" என்று மேசையின் நடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை வைத்துவிட்டுப் போனாள்.

அவள் படியிறங்கும் வரை பொறுத்திருந்தான். அப்புறம் துணியைத் தின்னரில் நனைத்து அந்தப் பொட்டைத் துடைத்தான்.

"அய்யய்யோ அக்கா, பூஜ அன்னிக்கா?"

அன்றைக்கேதான், மோனிகா. அவன் கஷ்டம் அவனுக்கு. நாளைக்கு மேசை ரெடியாகவில்லை என்றால் பெண்டாட்டி இல்லை. அவன் சாமியைப் பார்ப்பானா, சம்சாரத்தைப் பார்ப்பானா?

துடைத்த கையோடு தேய்த்தான். பதமாக, ரேகையோடு. அதற்குள் கை பழகியிருந்தது. வார்னிஷை மெல்லிசாக ஒரே இழுப்பில் இழுத்தான். அன்றைக்குத்தான் நன்றாக வந்தது, கண்ணாடி மாதிரி. இன்றைக்கு எவன் வருகிறான் பார்க்கலாம் என்று கதவோரம் குந்திக்கொண்டான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் பூசணிக்காய் உடைபடும் சத்தம், பசங்கள் காசு பொறுக்கும் கூச்சல்...

கிறீச்...

அறைக்குள். மேசைக்கு முன்னால். தரையில் ஒன்றுமே இல்லை.

ஆயில் வாசனை வந்தது. அப்புறம் அவன் கண்ணெதிரே, ஈர வார்னிஷில் ஒரு பள்ளம் மெல்ல அமுங்கியது... முழங்கை. பிறகு கை நீளத்துக்கு. பக்கத்தில் இன்னொன்று.

சந்திரமோகனுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறிவிட்டது. அத்தனை நாள் எரிச்சலும் ஒன்றாய்ச் சேர்ந்து எழுந்து நின்று கத்தினான்:

"யோவ்! அறிவில்ல உனக்கு? காயட்டும்யா! ஒரு ராத்திரி காய உடுய்யா! காஞ்சப்புறம் தாராளமா ஒக்காரு, உன்ன யாரு வேணான்னது? எம் பொண்டாட்டி வரணும்யா!"

சத்தம் நின்றது.

மேசையில் இருந்த இரண்டு பள்ளமும் மெதுவாக... மெதுவாக மேலே வந்து சமமாயின. தடமே இல்லை. வாசனையும் போய்விட்டது. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. விடியும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

காலையில் மேசை காய்ந்திருந்தது. உடனே ஈஸ்வரிக்குப் போன் பண்ணினான். அந்த மாதிரி ஃபினிஷிங் கடையில்கூடப் பார்த்ததில்லை என்று நந்தினி சொன்னாள். அவள்தான் அக்காவை ஆர்.கே.பேட்டையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். ஈஸ்வரி உள்ளங்கையால் மேசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினாள். கண் கலங்கிவிட்டது.

"மொத தபாவா ஒரு வேலைய முடிச்சிருக்கய்யா" என்றாள்.

அதற்குமேல் அவன் எங்கே உண்மையைச் சொல்வான்? சொன்னால் இதுவும் ஒரு சாக்கு என்பாள், இல்லை பயந்து திரும்பப் போய்விடுவாள். வாயை மூடிக்கொண்டான். சாயங்காலமே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து போட்டான்.

ஈஸ்வரி படித்தாள். எந்த நேரமும் அந்த மேசைதான். தரையில் உட்கார்ந்து படித்தபோது மண்டையில் ஏறாத கணக்கெல்லாம் இப்போது கடகடவென்று வந்தது. அவனுக்குச் சந்தோஷம். தடமும் இல்லை, சத்தமும் இல்லை. போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டான்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நந்தினி அக்காவைப் பார்க்கப் போனாள். நல்ல பகல். இரண்டு பேர் தாராளமாக உட்காரக்கூடிய மேசை அது. ஈஸ்வரி இடதுபக்க ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பாதி நோட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் அவ்வளவு இடம் காலியாகக் கிடந்தது.

"இன்னாக்கா, இப்படி இடிச்சிக்கினு குந்தியிருக்க? நடுவுல ஒக்காரேன்."

ஈஸ்வரி தலையை நிமிர்த்தவில்லை. "அவருக்கும் கைய ஊணி எழுத எடம் வேணும்ல?"

"யாருக்கு?"

"உங்க மாமாவக் கேளு. காஞ்சப்புறம் தாராளமா ஒக்காருன்னு இவருதான் சொன்னாராம்."

காப்பி டம்ளரோடு உள்ளே வந்த சந்திரமோகன் அப்படியே நின்றுவிட்டான். நந்தினியை வெளியே இழுத்துக்கொண்டு போய், தெருவில் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொல்லி அழுதான். அதுவரை அவன் யாரிடமும் ஒரு வார்த்தை மூச்சு விட்டதில்லை.

"டேபிளத் தூக்கிக் கடாசிட வேண்டியதுதானக்கா? இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருக்காங்க?"

அதைத்தான் செய்யப் பார்த்தான், ஃபயாஸ். அன்றைக்கே அமானுல்லா பாய்க்குப் போன் போட்டான். டப்பு ஒன்றும் வேண்டாம், சும்மா எடுத்துக்கொண்டு போங்கள் என்றான். வண்டி வந்து வாசலில் நின்றது. ஈஸ்வரி சண்டை போடவில்லை, தடுக்கவில்லை. புத்தகங்களை எடுத்து ஓரமாக அடுக்கினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள். நந்தினி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். மேலே அவளுடைய புடவை. அடியில் ஆயில் கறை படிந்த ஒரு ஆம்பிளைச் சட்டை... சந்திரமோகனுடையது இல்லை.

"எங்க ஈஸ்வரி கெளம்புற?" என்று அவன் கேட்டான்.

அவள் ரொம்ப சாதாரணமாகத் திரும்பிப் பார்த்தாள்.

"டேபிள எடுத்துக்கினு போவட்டும். நாங்க ரெண்டு பேரும் எங்க அம்மா ஊட்டுக்குப் போயிர்றோம்."